பள்ளி மாவட்டம் கிளவுட்டுக்கு மாறும்போது: பெயர்ப் பதிவேட்டில் தொடங்கும் வேலை

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டத்தைப் போன்றதன்று. ஓர் ஊரிலோ அடுத்தடுத்த சில ஊர்களிலோ உள்ள அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு அது; பெரும்பாலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கல்வி வாரியமும், அந்த வாரியம் நியமித்த கண்காணிப்பாளரும் அதை நடத்துகிறார்கள். அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன. இந்த வழிகாட்டி, நடுத்தர அளவுள்ள ஒரு மாவட்டத்தின் தொழில்நுட்ப அலுவலகத்தில் பணியாற்றும் தமிழர்களையும், கல்வி வாரியத்திலோ பெற்றோர் குழுவிலோ அமர்ந்து இத்தகைய திட்டங்களுக்குக் கை தூக்க வேண்டியவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

கிளவுட்டுக்கு மாறுவது என்றால் மின்னஞ்சலும் கோப்புகளும் மட்டும் இடம் மாறுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மாணவர் தகவல் அமைப்பு, வருகைப் பதிவு, மதிப்பெண், சம்பளப் பட்டியல், நூலகம், பேருந்துத் தடம், உணவகக் கணக்கு என்று மாவட்டத்தின் அலமாரிகளில் இருந்த அனைத்தும் ஒவ்வொன்றாக வேறொருவருடைய செர்வருக்குப் போகின்றன. ஆகவே எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விகளுக்கு முன்னால், யாருக்கெல்லாம் கணக்கு உண்டு, அது எந்த நாளில் திறக்கும், எந்த நாளில் மூடும் என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டமே போதும். 2013இல் அந்த மாவட்டம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் தரும் திட்டத்தைத் தொடங்கியது. மொத்த மதிப்பீடு ஏறத்தாழ 130 கோடி டாலர். கருவிகள் கைக்கு வந்த சில வாரங்களிலேயே, அவற்றில் மாவட்டம் பதித்திருந்த கட்டுப்பாட்டு அமைப்பை மாணவர்கள் நீக்கிவிட்டுத் தங்களுக்கு வேண்டிய தளங்களுக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கருவி மோசமானதன்று, அதை யார், எந்தக் கணக்கில், எந்த விதியின்கீழ் பயன்படுத்துவார் என்பது தீருமுன்னரே பெட்டிகள் வகுப்பறைக்கு வந்துவிட்டன.

பெயர்ப் பதிவேடு

முதல் விதி: எந்தக் கணக்கையும் கையால் உருவாக்காதீர்கள். மாணவர்களைப் பொறுத்தவரை மாணவர் தகவல் அமைப்பும், ஊழியர்களைப் பொறுத்தவரை மனிதவளத் துறையின் பதிவேடும் மட்டுமே மூலமாக இருக்க வேண்டும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அன்றிரவே கணக்கு தானாகத் திறக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பதிவானால் அன்றிரவே முடங்க வேண்டும். மாணவர், ஆசிரியர், வகுப்பு ஆகிய மூன்றின் பட்டியலையும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கு ஒன்ரோஸ்டர் என்ற பொதுத் தரநிலை உண்டு. புதிதாக வாங்கும் எந்தப் பாட மென்பொருளும் அதை ஏற்கிறதா என்பதை விலை கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்காதென்றால் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் விரிதாளை வைத்துக்கொண்டு இரவு பகலாக உட்கார வேண்டியிருக்கும்.

பதிவேட்டைக் கிளவுட்டோடு இணைப்பதற்கு முன் அதிலுள்ள பிழைகளைத் துடைத்தெடுக்க இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளும் குடும்பப் பெயரும் முகவரியும் ஒன்றே என்பதால், ஒரே பிள்ளையை இருமுறை பதிந்துவிட்டார்கள் என்று கருதி மென்பொருள் இருவரையும் ஒன்றாக்கிவிடக்கூடும். பள்ளி மாறிய பிள்ளை இரண்டு பள்ளிகளிலும் உயிரோடு இருக்கும். மாற்று ஆசிரியர்கள், பயிற்சி ஆசிரியர்கள், ஒப்பந்தப் பேச்சுப் பயிற்சியாளர்கள், பேருந்து ஓட்டுநர்கள் ஆகியோர் மனிதவளப் பதிவேட்டில் முழுமையாக இருக்கமாட்டார்கள்; ஆனால் அவர்களுக்கும் ஏதோ ஒரு கணக்கு வேண்டும். இவர்களை முன்கூட்டி வகைப்படுத்தாவிட்டால் பள்ளி திறந்த முதல் வாரத்தில் யாராவது தம் கடவுச்சொல்லை மாற்று ஆசிரியருக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. குடும்பப் பெயர் என்ற வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமான எஃப்என்யு என்ற மூன்றெழுத்து ஏறிவிடுகிறது. அதையே பார்த்துப் பள்ளி எழுத்தர் பதிந்தால், அந்தக் குழந்தையின் மின்னஞ்சல் முகவரியும், ஆசிரியரின் திரையில் தெரியும் பெயரும், வகுப்பில் கூப்பிடும் பெயரும் அதுவாகவே ஆகிவிடும். அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் வீடுகளில் தந்தைக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருக்கும்; கடைசிப் பெயரை வைத்துக் குடும்பத்தை இணைக்கும் மென்பொருள் அங்கே தடுமாறும். இரண்டு குடும்பப் பெயர் உடைய ஸ்பானிய வழிப் பிள்ளைகளுக்கும், பெயருக்கு நடுவில் மேற்குறி வரும் ஐரிஷ் வழிப் பிள்ளைகளுக்கும் இதே தொல்லை உண்டு. ஆகவே மாணவரின் உள்நுழைவுப் பெயரை மாணவர் எண்ணிலிருந்து உருவாக்குங்கள். திரையில் தெரியும் பெயரைப் பெற்றோர் சொன்ன அழைப்புப் பெயர் என்ற தனிக் கட்டத்திலிருந்து எடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது என்பதால் கோப்புகள் தொலையமாட்டா.

கிளவுட் சேவையின் நிர்வாகப் பலகையில் கணக்குகளின் பிரிவுகளைப் பள்ளிக் கட்டடத்தின்படி அமைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வகுப்பு நிலையின்படி அமைப்பதே நல்லது என்பது என் கருத்து. விதிகள் வயதைப் பொறுத்தவை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வெளியிலிருந்து மின்னஞ்சல் வரக் கூடாது, பதினோராம் வகுப்பு மாணவிக்குக் கல்லூரியிலிருந்து வர வேண்டும். கூகுள் நிறுவனம் 2021 செப்டம்பர் 1 முதல், பள்ளிக் கணக்குகளில் 18 வயது நிரம்பியவர் யார் என்பதை நிர்வாகி குறிக்க வேண்டும் என்றும், குறிக்காத கணக்குகளுக்குப் பல சேவைகள் கட்டுப்படுத்தப்படும் என்றும் விதித்தது. வயதை ஒட்டிப் பிரித்திருந்த மாவட்டங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை.

சட்டமும் ஒப்பந்தமும்

வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று இந்தப் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் மாணவர் பதிவேடுகளைப் பெற்றோர் சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. பள்ளியே செய்திருக்க வேண்டிய வேலையைப் பள்ளியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்து செய்யும் நிறுவனத்துக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. கிளவுட் சேவைகள் அனைத்தும் அந்த விலக்கின் நிழலில்தான் நடக்கின்றன. எனவே ‘நேரடிக் கட்டுப்பாடு’ என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். பெற்றோர் தம் பிள்ளையின் பதிவேட்டைக் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும்; அது நிறுவனத்தின் செர்வரில் இருந்தாலும் கடமை மாவட்டத்தினுடையதே. மாணவர் 18 வயதை எட்டியதும் அந்த உரிமை அவருக்கே போய்விடுகிறது.

1998இல் இயற்றப்பட்ட காப்பா சட்டம் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடமிருந்து இணையத்தில் தகவல் திரட்டுவதற்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் பள்ளி பெற்றோர் சார்பில் சம்மதம் தரலாம். நிறுவனம் அந்தத் தகவலை விளம்பரத்துக்கு எடுத்தால் பள்ளியின் சம்மதம் செல்லாது. இவற்றுக்கு மேல் மாநிலச் சட்டங்கள் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் 2021 ஜூலை முதல், எந்தெந்த நிறுவனங்களிடம் மாணவர் தரவு இருக்கிறது என்ற பட்டியலை மாவட்டம் பொதுவில் வெளியிட வேண்டும். நியூயார்க்கில் ஒவ்வோர் ஒப்பந்தத்தோடும் பெற்றோர் உரிமைச் சாசனம் இணைக்கப்பட வேண்டும். உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் இல்லினாய் செய்வதுபோல் பட்டியலை வெளியிடுங்கள். பட்டியல் போட உட்காரும்போதுதான், இலவசம் என்பதற்காக ஆசிரியர்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொண்ட செயலிகள் எத்தனை என்பது மாவட்டத்துக்கே தெரியவரும்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று கருதுபவை சில உண்டு. தரவு மாவட்டத்தின் உடைமை என்ற வாசகம். விளம்பரத்துக்கும் தம் மென்பொருளை வளர்ப்பதற்கும் மாணவர் தரவைப் பயன்படுத்துவதில்லை என்ற உறுதி. ஊடுருவல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார்கள் என்ற எண். ஒப்பந்தம் முடிந்தால் எந்த வடிவத்தில் தரவைத் திருப்பித் தருவார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்ற விவரம். அவற்றோடு, அந்த நிறுவனத்தின் உதவிப் பணியாளர்கள் உங்கள் தரவைத் தொடும் வழிக்கும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு உண்டா என்று கேளுங்கள். மாணவர் தகவல் மென்பொருள் நிறுவனமான பவர்ஸ்கூலில் 2024 டிசம்பர் இறுதியில் தெரியவந்த ஊடுருவலில், திருடப்பட்ட ஒரே ஓர் உள்நுழைவைக் கொண்டு வாடிக்கையாளர் உதவித் தளத்தின் வழியாக உள்ளே வந்தவர், வட அமெரிக்கா முழுவதுமுள்ள மாவட்டங்களின் மாணவர், ஆசிரியர் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போனார். அந்த மாவட்டங்கள் தம் சொந்தக் கடவுச்சொற்களை எவ்வளவு கவனமாகக் காத்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

பணமும் இணைப்பும்

கிளவுட்டுக்குப் போன பிறகு இணைய இணைப்பு அறுந்தால் பள்ளிக்கூடமே நிற்கும். கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2014இல் வைத்த இலக்கு, ஆயிரம் பேருக்கு நொடிக்கு ஒரு ஜிகாபிட். அதை அளவுகோலாகக் கொள்ளலாம். இரண்டாவது இணைப்பு ஒன்று இருந்தால் அது வேறு தெரு வழியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரே குழியில் இரண்டு கேபிள் புதைத்திருந்தால் ஒரு மண்வெட்டி இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே வெட்டிவிடும்.

இணைப்புக்கும் பள்ளிக்குள் உள்ள வைஃபைக்கும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இ-ரேட் திட்டம் மாவட்டத்தின் வறுமை நிலையைப் பொறுத்து 20 முதல் 90 விழுக்காடு வரை (வைஃபைக்கு அதிகபட்சம் 85) கழிவு தருகிறது. இதற்குப் பொது ஏல அறிவிப்பு கொடுத்து 28 நாளாவது காத்திருக்க வேண்டும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. தீங்கான தளங்களை வடிகட்டும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் சிப்பா சட்டம் நிபந்தனை விதிக்கிறது. ஆனால் கூகுளின் மென்பொருளில் இயங்கும் குரோம்புக் மடிக்கணினி வாங்கவோ பாட மென்பொருள் சந்தா கட்டவோ இந்தப் பணத்தைத் தொட முடியாது. அந்தச் செலவு ஆண்டுதோறும் வரும் பொது நிதியிலிருந்தே வர வேண்டும். பெருந்தொற்றுக் கால நிவாரண நிதியில் சந்தாக்களைச் சேர்த்துக்கொண்ட மாவட்டங்கள் பல, அந்த நிதியின் கடைசித் தவணைக்கு 2024 செப்டம்பரில் கெடு முடிந்தபோது, எதை நிறுத்துவது என்று தெரியாமல் நின்றன. ஒரு முறை வரும் பணத்தில் ஒரு முறை செய்யும் செலவை மட்டும் செய்யுங்கள்.

இலவசம் என்ற சொல்லையும் கவனமாகப் படியுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே பள்ளிகளுக்கு அடிப்படைச் சேவையை இலவசமாகத் தருகின்றன. கூகுள் தந்த வரம்பற்ற சேமிப்பு, 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற பொதுக் கணக்காகச் சுருங்கியது. பத்தாண்டு காலப் பள்ளிவிழாக் காணொளிகளைச் சேர்த்து வைத்திருந்த மாவட்டங்கள் அப்போதுதான் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கின. முதல் நாளிலேயே ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துவிட்டால் பிறகு யாரிடமும் பிடுங்க வேண்டியதில்லை. குரோம்புக் வாங்கும்போது அதன் தானியங்கிப் புதுப்பிப்பு எந்த ஆண்டு முடிகிறது என்பதைப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் எழுதி, எஞ்சிய ஆண்டுகளால் விலையை வகுத்துப் பாருங்கள்; கழிவு விலைச் சரக்கின் உண்மை விலை அப்போது தெரியும்.

உள்நுழைவு

ஊழியர் அனைவருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு கட்டாயம். இதைச் சொன்னவுடன், வேலைக்காக என் சொந்தக் கைப்பேசியை ஏன் தர வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் கேட்கும். அது நியாயமான கேள்வி. சாவிக் கொத்தில் மாட்டும் பாதுகாப்புச் சாவிகளை மாவட்டச் செலவில் வாங்கி வைத்திருந்து, கைப்பேசியைத் தர விரும்பாதவர்களுக்கு அதைக் கொடுங்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் எழுதவே வராது. அவர்களுக்கு க்யூஆர் அட்டை போதும், ஆனால் அந்த அட்டை வகுப்பறையிலேயே பூட்டி வைக்கப்பட வேண்டும். முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்குகள் இரண்டுக்குக் குறையாமலும் நான்குக்கு மேற்படாமலும் இருக்கட்டும். அந்தக் கணக்கில் யாரும் அன்றாட மின்னஞ்சல் பார்க்கக் கூடாது.

எல்லோருடைய கடவுச்சொல்லையும் ஒரே நாளில் மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் மீது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதல் நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள் தம் கடவுச்சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்து மாற்ற விட்டால் திருடனும் மாற்றிக்கொள்வான். பள்ளிக்கு வந்து, தெரிந்த முகம் ஒன்றின் முன்னால் மாற்றும் முறை வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அரட்டையையும் மின்னஞ்சலையும் அடைத்துவிட்டோம் என்று நீங்கள் நிம்மதி அடையும் நேரத்தில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பகிர்வு ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே வரி வரியாக அரட்டை அடிப்பார்கள். அதைத் தொழில்நுட்பத்தால் தடுக்கப் போனால் குழுப்பாடமும் சேர்ந்து நின்றுவிடும். அது வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டிய காரியம்.

மாற்றும் வேலை

இலையுதிர் காலத்தில் பதிவேட்டையும் ஒப்பந்தத்தையும் முடித்து, ஜனவரி முதல் ஒரு பள்ளியில் வெள்ளோட்டம் விட்டு, ஜூன் மாதம் பிள்ளைகள் விடுமுறைக்குப் போனதும் மாவட்டம் முழுவதையும் மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். வெள்ளோட்டத்துக்கு ஆர்வமுள்ள ஆசிரியர்கள் நிறைந்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். அவர்கள் எந்தக் குறையையும் தாமே சரிசெய்துகொண்டு உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உள்ள பள்ளியே பயன்தரும்.

பழைய செர்வரில் உள்ள அனைத்தையும் அப்படியே தூக்கிப் போடாதீர்கள். துறைகளின் பொதுக் கோப்புகள் தனிமனிதர் பெயரில் ஏறக் கூடாது. அவற்றைத் துறைக்கு உரிய பகிர்வு டிரைவில் வையுங்கள். ஓர் ஆசிரியரின் பெயரில் இருந்த பாடத்திட்டம் அவர் வேலையை விட்டுப் போன மாதம் எல்லோருக்கும் மறைந்துபோவது, அது தனிமனிதர் பெயரில் இருந்ததனால்தான். சிறப்புக் கல்விக் கோப்புகளையும் உடல்நலக் குறிப்புகளையும் கடைசியில், தனியாக, யார் பார்க்கலாம் என்ற பட்டியலைச் சரிபார்த்த பின் மாற்றுங்கள்.

கிளவுட்டில் இருப்பதாலேயே காப்புப் பிரதி இருக்கிறது என்று பொருளில்லை. கூகுளில் அழிக்கப்பட்ட பயனர் கணக்கை 20 நாட்களுக்குள்தான் மீட்க முடியும். பயனர் குப்பையிலிருந்தும் நீக்கிவிட்ட கோப்பை நிர்வாகி அதன்பின் 25 நாட்களுக்குள் மீட்கலாம். ஜூன் மாதம் அழிந்த கோப்பைச் செப்டம்பரில் ஆசிரியர் தேடுவார். ஆகவே வேறொரு நிறுவனத்தின் காப்புச் சேவையை ஊழியர் கணக்குகளுக்காவது வாங்குங்கள். வாங்கிய பின் காலாண்டுக்கு ஒரு முறை ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள். இணைப்பு அறுந்த நாளுக்கென, ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் மாணவர் பட்டியல், அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை விவரம், பேருந்துத் தடம் ஆகியவை காகிதத்தில் அச்சிட்டுப் பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும். இதைக் கேட்டுச் சிரிக்கும் இளம் பொறியாளர்கள், பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை வாசலில் நின்று பார்த்தால் போதும்.

பயிற்சியைப் பொறுத்தவரை, ஆகஸ்டு மாதத்தில் அரங்கத்தில் உட்கார வைத்து நடத்தும் முழுநாள் வகுப்பால் பெரும் பயன் இல்லை. பள்ளிக்கு ஒருவர் என்று ஆசிரியர்களிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குச் சிறு ஊக்கத்தொகையும் வாரத்துக்கு ஒரு பாடவேளை ஓய்வும் கொடுங்கள். பெற்றோருக்கான அறிவிப்புகளை அவர்கள் வீட்டில் பேசும் மொழிகளிலும் அனுப்புங்கள்.

வெளியேறும் வழி

பட்டம் பெறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு மார்ச் மாதத்திலேயே அறிவிப்பு கொடுங்கள்; தம் கட்டுரைகளையும் படங்களையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் முறையை ஒரு வகுப்பு நேரத்தில் செய்து காட்டுங்கள். ஆகஸ்டில் கணக்கை முடக்கி, அறிவித்த தேதியில் அழித்துவிடுங்கள். வேலையை விட்டுப் போகும் ஊழியரின் கணக்கு அன்றைய மாலையே முடங்க வேண்டும்; கோப்புகளை மேலதிகாரிக்கு மாற்றாமலும், பொதுப் பதிவேட்டுச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய மின்னஞ்சல்களை ஒதுக்காமலும் அதை அழிக்கக் கூடாது.

எதையும் அழிக்க மனம் வராத மாவட்டங்கள் கனடாவின் டொரண்டோ பள்ளி வாரியத்தை நினைத்துக்கொள்ளலாம். பவர்ஸ்கூல் ஊடுருவலில் அங்கே 1985ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் மாணவர் விவரங்களும் சிக்கின. பள்ளியை விட்டு முப்பது, நாற்பது ஆண்டு ஆனவர்களுக்கும் இன்று கடிதம் போக வேண்டியதாயிற்று. நிரந்தரமாக வைக்கச் சட்டம் சொல்வது மதிப்பெண் சான்று போன்ற சிலவற்றை மட்டுமே. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஆண்டுக் கணக்கில் ஒரு காலவரையறை எழுதி, கல்வி வாரியத்தின் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடியும்போதும் இதே முறைதான்: தரவைத் திரும்பப் பெற்று, திறந்து பார்த்து, குறையில்லை என்று உறுதிசெய்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள், அழித்ததற்கான சான்றை எழுத்தில் வாங்கி ஒப்பந்தக் கோப்பிலேயே வைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் பெயரைப் பெற்றோர் பார்க்கும் பட்டியலிலிருந்து அன்றைக்கே நீக்குங்கள்.